ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பூச்சி கண்ணில் படுமா? குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள்.

"சிலைதான் இருக்கு, பூச்சியைக் காணோம்" என்று சலித்துக்கொள்பவர்களிடம் எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அநேகமாகச் சாயங்காலம் என்பார்கள். இறக்கையை வெயிலில் விரித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டால்தான் வண்ணத்துப்பூச்சியால் பறக்கவே முடியும். வெயில் சாய்ந்தால் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். பத்து மணிவாக்கில் உள்ளே இருந்தால் சரியாக இருக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு செடிகள் தளிர்விடும் சமயம் இன்னும் நல்லது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில், மேலணை காப்புக்காட்டுப் பகுதியில் வனத்துறை 2015-ல் திறந்த பூங்கா இது. உள்ளரங்கம் ஒன்று உண்டு. படகுக் குளம், நட்சத்திர வனம் (ஒவ்வொரு ஜன்ம நட்சத்திரத்துக்கும் உரிய மரங்கள்) எல்லாம் உண்டு. என்னைக் கேட்டால், நேரத்தைத் திறந்தவெளித் தோட்டத்தில் செலவிடுங்கள்.

அங்கே பூவைவிட இலையைப் பாருங்கள். ஒவ்வொரு வகையும் தன் புழு தின்னும் செடியில்தான் முட்டையிடும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு. எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தால், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளோடு மேய்ந்துகொண்டிருக்கும். கிலுகிலுப்பைச் செடியில் வரியன்கள் கூட்டமாக மொய்த்தால் அவை பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரும் வாசனைக்கான சரக்கை அந்தச் செடியிலிருந்துதான் உறிஞ்சுகின்றன.

எனக்கு மிகப் பிடித்த வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலை அழகி. ரோஜா அழகி என்ற இன்னொரு வகையின் புழு ஆடுதீண்டாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், வண்ணத்துப்பூச்சியான பிறகும் பறவைகள் அதைத் தொடுவதில்லை. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் அச்சு அசலாக ரோஜா அழகியின் வேஷம் போட்டுத் தப்பித்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? உடம்பைப் பாருங்கள். ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு, வேஷக்காரிக்குக் கறுப்பு. இதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவதுதான் பாடு.

தொட்டுப் பிடிக்க மட்டும் விடாதீர்கள். விரலில் ஒட்டும் அந்தப் பொடி இறக்கையின் செதில்கள், உதிர்ந்தால் மறுபடி முளைக்காது.