ஷவர் சொட்டினால் சுவரை உடைத்து வால்வையே மாற்ற வேண்டுமா? கைப்பிடிக்கு அடியில் இருந்து தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜை மட்டும் வீட்டிலேயே மாற்ற முடியாதா?

முடியும். மூடிய பிறகும் சொட்டுகிறது, கைப்பிடி இறுகிப்போய்த் திரும்புகிறது, குளித்துக்கொண்டிருக்கும்போதே சுடுதண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிடுகிறது என்கிறீர்கள். மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். டைல்ஸை உடைக்க வேண்டும் என்று பிளம்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கும் அதையேதான் சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஷவரை மூடியதும் தலைப்பகுதியில் தேங்கிய தண்ணீர் சில நிமிடம் சொட்டித்தான் நிற்கும். அது பழுது இல்லை. யாரும் குளிக்காத நேரத்தில் அடியில் ஒரு டம்ளர் வையுங்கள். கால் மணி நேரத்தில் 200 மில்லி நிறைந்தால் ஒரு நாளைக்கு 19 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. சூடு குறைவதற்கும் கீஸர் காரணமாக இருக்கலாம். பக்கத்துக் குழாயில் சுடுதண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். அங்கே நன்றாக வந்து ஷவரில் மட்டும் தகராறு என்றால் கார்ட்ரிட்ஜ்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் கைப்பிடியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அப்படியும் இப்படியும் இரண்டு தடவை ஆட்டிவிட்டு, "பாடியே போயிடுச்சு, சுவரை உடைச்சாத்தான் ஆகும்" என்றார். பாடி என்றால் சுவருக்குள் பதித்திருக்கும் வால்வின் உடல். கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டது நான். பதில் போனது என் மாமனாருக்கு. "ஸார், இதெல்லாம் அவங்களுக்குச் சொன்னாப் புரியாது." மாமனாருக்கு ஸ்பேனருக்கும் கொறடுக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் ஃபேன், மிக்ஸி, குழாய் எல்லாவற்றையும் பிரித்து மாட்டுகிறவள் நான். கேள்வி கேட்கிற பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஏன் இவ்வளவு பேருக்கு வருவதில்லை? வங்கியில், வண்டி சர்வீஸில், எங்கே போனாலும் இதே கதை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிளம்பர்களை மொத்தமாகக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நன்றாக வேலை தெரிந்தவர்களிடம்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

அவரை அனுப்பிவிட்டு நானே பிரித்தேன். எங்களுடையது ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர், அதாவது சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் ஒரே கைப்பிடியால் கலக்கும் வகை. இரட்டைக் குமிழ் என்றால் உள்ளே இருக்கும் பாகம் வேறு, ஆனால் வேலை ஏறக்குறைய இதேதான்.

கீஸரை அணைத்து, சுடுதண்ணீர், பச்சைத் தண்ணீர் இரண்டு லைனையும் மூடுங்கள். பிறகு ஷவரைத் திறந்து குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வடிய விடுங்கள். இதைச் செய்யாமல் நட்டில் கை வைக்கவே கூடாது, கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். தரையிலுள்ள வடிகால் துளையைத் துணியால் மூடிவிடுங்கள், சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அதோடு போயிற்று. கைப்பிடியில் சிவப்பும் நீலமுமாக ஒரு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே ஆலன் ஸ்க்ரூ, தலையில் அறுகோணக் குழி உள்ளது. அதைத் தளர்த்தினால் கைப்பிடி வந்துவிடும். அடுத்து அலங்கார மூடி, அதற்கும் கீழே கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டு. உப்பு பூத்து இறுகியிருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விட்டுவிட்டு ஸ்பேனர் போடுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் சுவருக்குள் இருக்கும் பாடி அசைந்துவிடும், அப்புறம் நிஜமாகவே டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

வெளியே எடுக்கும் முன் எந்தத் திசையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழைய கார்ட்ரிட்ஜின் அடியிலிருந்த கறுப்பு ரப்பர் வளையங்கள் உருண்டை போய்த் தட்டையாக நசுங்கியிருந்தன. அதை இன்னும் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு வெள்ளை செராமிக் தட்டுகள். ஒன்று அசையாது, மற்றொன்று கைப்பிடியோடு நகரும். துளைகள் ஒன்றின்மேல் ஒன்று வரும்போது தண்ணீர் போகும், விலகினால் நிற்கும். நல்ல நிலையில் உள்ள தட்டுகளை ஈரத்தோடு சேர்த்து வைத்தால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு மழமழப்பு. எங்களுடையதில் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கீறல். தண்ணீரோடு வந்த மணல் பொடிதான் வேலையைக் காட்டியிருக்கிறது. இந்தக் கீறலுக்கா சுவரை இடிப்பது!

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். இந்த வகையில் 35, 40 மில்லிமீட்டர் விட்டம் அதிகம் புழங்கும். விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. உயரம், அடியில் நீட்டியிருக்கும் இரண்டு முளைகள், மேலே கைப்பிடி மாட்டும் தண்டு எல்லாமே ஒத்துப்போக வேண்டும்.

மாட்டும் முன் பாடிக்குள் துணி விட்டு மணல், உப்பு எல்லாம் துடைத்துவிடுங்கள். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான். வாஸ்லின் வேண்டாம், சிலவகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். முளைகள் துளைகளில் சரியாக உட்கார்ந்த பிறகே நட்டைப் போடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் கைப்பிடி பழையபடியே இறுகிப்போய்த் திரும்பும். கடைசியில் ஷவரைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு லைனை மெதுவாகத் திறங்கள்.

புதியது போட்டும் சொட்டினால், கார்ட்ரிட்ஜ் உட்காரும் பித்தளைப் பரப்பில் அரிப்புக் குழி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே குழி விழுந்திருந்தாலோ, சுவருக்குப் பின்னால் ஈரம் ஊறியிருந்தாலோ பிளம்பரைக் கூப்பிடுங்கள். அப்போது அவர் உடைக்க வேண்டும் என்று சொன்னால் சரிதான்.