சின்ன வயதில் பாதி படித்த புத்தகங்கள்

கேள்வி இதுதான்: சின்ன வயதில் படித்து, இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற புத்தகம் எது, தெரிந்த கதையைப் படிக்க அலுக்காதா?

எனக்கு அலுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் ஒன்றுதான் தெரிகிறது. அந்தப் புத்தகங்கள் எதையும் நான் அப்போது முழுசாகப் படித்திருக்கவில்லை. அழுகை வந்துவிடும் என்றோ, பயத்திலோ, சும்மா அவசரத்திலோ, ஒவ்வொன்றிலும் சில பக்கங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது திரும்பிப் போவது பெரும்பாலும் அந்தப் பக்கங்களுக்காகத்தான்.

முதல் புத்தகம் இ. பி. ஒயிட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்', 1952-இல் வந்தது. வில்பர் என்ற பன்றிக்குட்டியைக் கறிக்காக வெட்டப் போகிறார்கள், அதே தொழுவத்தின் வாசல் மூலையில் வலை கட்டியிருக்கும் சார்லட் என்ற சிலந்தி தன் வலையில் சொற்களை நெய்து அதைக் காப்பாற்றுகிறது. மொத்தம் 22 அத்தியாயங்கள். 21-வதில் சார்லட் இறந்துபோகிறது. முதல் தடவை தெரியாமல் படித்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை படித்தும் 20-வது முடிந்ததும் நேராக 22-க்குப் போய்விடுவேன். அங்கே வசந்தம் வந்திருக்கும், முட்டைகள் பொரிந்திருக்கும், நூற்றுக்கணக்கான குஞ்சுகள் காற்றில் பறந்துபோன பிறகு மூன்று மட்டும் வில்பரோடு தங்கிவிடும். நான் 21-வது அத்தியாயத்தைப் படிக்காமல் விட்டால் சார்லட் சாகவே இல்லை என்று நிஜமாகவே நம்பிய வயது அது.

பல வருடம் கழித்து ஒரு விஷயம் தெரியவந்தது. ஒயிட் இந்தப் புத்தகத்தைத் தானே ஒலிப்பதிவுக்காக வாசித்தபோது, சார்லட் இறக்கும் இடத்தைக் கடக்க அவருக்கு 17 முறை தேவைப்பட்டது என்று அந்தப் பதிவைத் தயாரித்தவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் குரல் உடைந்துவிட்டதாம். எழுதியவராலேயே முடியவில்லை என்று அறிந்த பிறகுதான் எனக்கு அந்த அத்தியாயத்தைத் திறக்கத் தைரியம் வந்தது.

ஆனால் இன்று எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்தது அது கூட இல்லை, 15-வது அத்தியாயத்தின் தொடக்கம். சின்ன வயதில் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று புரட்டிவிடுவேன். சிள்வண்டுகள் பாடுகின்றன, கோடை முடிந்துவிட்டது என்று. அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறார்கள்: பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப் போகிறது, ஆடுகளுக்கு நிலைகொள்ளவில்லை. சார்லட்டுக்குத் தனக்கு அதிக நாள் இல்லை என்று தெரிகிறது. ஒரே ஒரு வரி, அவ்வளவுதான், சொல்லிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. முடிவு தெரிந்தவர் மட்டும்தான் அந்த வரியில் நின்றுவிடுவார். முதல் தடவை படிக்கும்போது அந்த வரி கண்ணில் படவே படாது. கதை தெரிந்த பிறகும் ஏன் படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

அடுத்தது ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கும் பள்ளி என்றால் எந்தக் குழந்தைக்குப் பிடிக்காது! நான் அந்தப் பெட்டிகளுக்காகவும், போலியோவால் கை கால் வளைந்துபோன யசுவாகி-சானை டோட்டோ-சான் மரத்தில் ஏற்றிவிடும் இடத்துக்காகவும் படித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் குண்டு வீச்சில் பள்ளி எரிவதைப் படிக்க மாட்டேன். இப்போது அங்கேதான் முதலில் போகிறேன். தான் கட்டிய பள்ளி எரிவதைத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற தலைமை ஆசிரியர் கோபயாஷி, பக்கத்தில் நிற்கும் மகனிடம், அடுத்து எந்த மாதிரிப் பள்ளி கட்டலாம் என்று கேட்கிறார். அப்படியொரு தொடக்கப் பள்ளியை மறுபடி கட்டுவதற்கு முன்பே, 1963-இல், அவர் இறந்துபோனார் என்பது பின்னுரையில் வருகிறது. குழந்தைகள் பின்னுரை படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. டோட்டோ-சான் முதல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதை அவள் அம்மா இருபது வயது வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை என்பதையும் வளர்ந்த பிறகுதான் கவனித்தேன். சின்னப் பெண்ணின் சேட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த அம்மா எவ்வளவு பெரிய மனுஷி என்பது இப்போதுதான் தெரிகிறது.

'குட்டி இளவரசன்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதன் சமர்ப்பணப் பக்கத்தைப் படியுங்கள். நான் அதைப் புத்தகத்தின் பகுதி என்றே நினைக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு பெரியவருக்குச் சமர்ப்பித்ததற்காகக் குழந்தைகளிடம் அதை எழுதிய செந்த்-எக்சுபெரி மன்னிப்புக் கேட்கிறார், அந்த நண்பர் பிரான்சில் பசியிலும் குளிரிலும் இருக்கிறார் என்கிறார், பிறகு சிறுவனாக இருந்த அவருக்கு என்று மாற்றிக்கொள்கிறார். நண்பர் லியோன் வெர்த் ஒரு யூதர். புத்தகம் நியூயார்க்கில் வெளிவந்த 1943-இல் பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. செந்த்-எக்சுபெரி மறு வருடம் ஜூலையில் விமானத்தோடு காணாமல் போனார். இதெல்லாம் தெரிந்து படித்தால் கதைக்கு முன்னாலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

'பினோக்கியோ' எனக்குப் பயம், அந்த மரப்பொம்மைப் பையனை ஓக் மரத்தில் தூக்கிலிடுகிற 15-வது அத்தியாயம்தான் காரணம். அதை எழுதிய கொலோடி, ஒரு பத்திரிகையில் தொடராக எழுதியபோது முதலில் அங்கேயே கதையை முடித்துவிட்டாராம். படித்த பிள்ளைகள் விடவில்லை, தொடர வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி.

இன்னொன்று. பிள்ளை ஒரே புத்தகத்தையே கேட்கிறது, புதிதாக எதையும் தொடவில்லை என்று பெற்றோர் கவலைப்படுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து கையிலிருந்து பிடுங்காதீர்கள். 2011-இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், வேறு வேறு கதைகள் கேட்டவர்களைவிட, புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். புதுச் சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இப்போது அக்கா மகளுக்கு நான் 'சார்லட்ஸ் வெப்' வாசித்துக் காட்டுகிறேன், இது மூன்றாவது சுற்று. நேற்று 21-வது அத்தியாயம் வந்ததும் அவள் கையை நீட்டி அந்தப் பக்கங்களை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இது வேண்டாம், சிலந்திக் குஞ்சு வர்றதுக்குப் போ" என்றாள். சரி என்று 22-க்குப் போனேன்.