எத்தனை வாட் என்று கேட்காதீர்கள்

மின்சாமான் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். இப்போது கடை இல்லை. வீட்டில் நாற்பது செடித்தொட்டிகள் இருக்கின்றன. எல்.இ.டி. பல்பு பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. எந்தக் கம்பெனி பல்பு நல்லது என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை.

சேலம்: 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போதுமா?

போதும். வாட் என்பது பல்பு குடிக்கும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்துக்கு அளவு லூமன். பழைய 60 வாட் தந்தது 700, 800 லூமன். நல்ல 9 வாட் எல்.இ.டி. 900 வரை தரும். லூமன் அச்சிடாத பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மதுரை: சமையலறையில் 6500 கெல்வின் பல்பு போட்டேன். தக்காளிகூட வெளிறித் தெரிகிறது.

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; அது ஏற ஏற நீலம் கூடும். நீலம் உமிழும் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசித்தான் வெள்ளை எல்.இ.டி. செய்கிறார்கள். மலிவான பல்பில் சிவப்பு பற்றாது. ஜவுளிக்கடையில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறோமே, அதே சங்கதிதான். சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண்) 90-க்கு மேல், 4000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். மிளகாய்ப் பொடி மறுபடி மிளகாய்ப் பொடியாகத் தெரியும்.

தாம்பரம்: கூடத்து மூலையில் மணி பிளான்ட். கூரையில் 9 வாட் பல்பு எரிந்தும் புதிய இலைகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. எத்தனை வாட் போட வேண்டும்?

வாட்டை விடுங்கள், பல்பைக் கீழே இறக்குங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். என் கூடத்து மூலையில் ஒரு மணி பிளான்ட் இதேபோல் சுண்டைக்காய் அளவு இலை விட்டுக்கொண்டிருந்தது. லக்ஸ் மீட்டரை (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) இலை மேல் வைத்தேன்: கூரை விளக்கில் சுமார் 60 லக்ஸ். அதே 9 வாட் பல்பை மேசை விளக்கில் மாட்டி ஓரடி உயரத்தில் நிறுத்தினேன்: 1,500-ஐத் தாண்டியது. மூன்றாவது புதிய இலை உள்ளங்கை அளவு வந்தது. நடுப்பகல் வெயில் லட்சம் லக்ஸ் வரை போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 60 லக்ஸ் எல்லாம் பட்டினி.

நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரித்தாலும் மாதம் மூன்றே கால் யூனிட்தான். ஒரே எச்சரிக்கை: விளக்கை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே இலைக்குத் தண்ணீர் தெளியுங்கள். ஹோல்டருக்குள் ஈரம் போகக் கூடாது.

கோவை: இலைக்குச் சிவப்பும் நீலமும் மட்டும்தானே வேண்டும்? பச்சையைத்தான் திருப்பி அனுப்பிவிடுகிறதே. அந்த இரண்டும் கலந்த ஊதா விளக்குதான் சரி.

கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. விழும் பச்சையில் பெரும்பகுதியை இலை எடுத்துக்கொள்கிறது. 1972-லேயே மெக்கிரீ என்ற விஞ்ஞானி இருபத்திரண்டு பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு நிறமாக அளந்து, பச்சையிலும் ஒளிச்சேர்க்கை நன்றாகவே நடக்கிறது என்று காட்டிவிட்டார். வெள்ளை பல்பே போதும்.

கோவை, மீண்டும்: அப்படியானால் விண்வெளி நிலையத்தில் செடிகளுக்கு ஏன் ஊதா விளக்கு?

சிவப்பு எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு அதிக ஒளித்துகள்களைத் தருகிறது. அங்கே ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்கு உண்டு. 2014-ல் அந்த நிலையத்துக்குப் போன, செடி வளர்க்கும் பெட்டியில் பச்சை விளக்கும் இருக்கிறது, செடி செடியாகக் கண்ணுக்குத் தெரிவதற்காக.

ஓசூர்: நாங்கள் சாமந்தித் தோட்டத்தில் இரவில் சாதாரண பல்புதான் எரிக்கிறோம். ஊதா எல்லாம் இல்லை.

ஐயா, உங்கள் பல்பு சோறு போடவில்லை, கடிகாரத்தை ஏமாற்றுகிறது. சாமந்தி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. நடுராத்திரியில் மங்கலான வெளிச்சம் பட்டாலே இரவு குறுகிவிட்டதாக நினைத்து மொட்டு விடாமல் தழைக்கும். ஊதாவா வெள்ளையா என்ற இந்த வழக்குக்கு அது சாட்சி ஆகாது. ஆனாலும் வந்ததற்கு நன்றி, எனக்கு ஆள் தேவைப்பட்டது.

கோவை, மூன்றாம் முறை: ஊதா வாங்கியவர்கள் எல்லாரும் ஏமாளிகளா?

நானே இரண்டு வாங்கியவன். செடி வளர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெளிச்சத்தில் பழுத்த இலையும் தெரியவில்லை, மாவுப்பூச்சியும் தெரியவில்லை. என் மனைவி கூடத்தில் உட்காரவே மறுத்துவிட்டாள். கோவைக்கு இத்துடன் முற்றுப்புள்ளி.

திருச்சி: கறிவேப்பிலைக்கு எத்தனை வாட்?

வெயில்.

நாகர்கோவில்: துளசிக்கு எத்தனை வாட்?

திருச்சிக்குச் சொன்னதேதான். தலைப்பையும் ஒருமுறை படியுங்கள்.

ஈரோடு: சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மினுக்குகிறது.

சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரமாக இருக்கலாம். அது இல்லையென்றால், சுவிட்சை ஃபேசில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கக்கூடும். இது பல்பின் கோளாறு இல்லை. அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த ஹோல்டரில் கை வேண்டாம், ஈரக்கை வேண்டவே வேண்டாம்.

கடலூர்: வாசலில் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போட்ட பல்பு ஆறு மாதத்தில் போய்விடுகிறது.

வெந்து சாகிறது. பல்பின் கழுத்துக்குள் இருக்கும் டிரைவரில் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) ஒரு கெப்பாசிட்டர் உண்டு; சூடு தாங்காமல் முதலில் உயிரை விடுவது பெரும்பாலும் அதுதான். குடுவையைத் திறந்துவிடுங்கள், அல்லது 5 வாட்டுக்கு இறங்குங்கள்.

வேலூர்: படுக்கையறைப் பாம்புச் செடியின் இலை அடியில் கொழகொழவென்று மடிகிறது. எத்தனை வாட்...

பல்பு வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள்.