கைகேயிக்கு ஏன் கோபம் வந்தது?

கேள்வி: என் சிறுகதையில் வரும் மாமியார், மருமகளின் நகைகளை யாருக்கும் சொல்லாமல் அடகு வைத்துவிட்டு, பழியை வீட்டு வேலை செய்யும் பெண் மீது போடுகிறார். 'பாத்திரம் நம்பும்படி இல்லை' என்று கதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அவருக்குத் துயரமான இளமைக்காலம் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடுமா? அவர் பக்க நியாயத்தைக் காட்டினால் அவர்மீது வாசகருக்கு வரவேண்டிய வெறுப்புக் குறைந்துவிடுமே என்ற தயக்கமும் இருக்கிறது.
– வாசகி, கரூர்

பதில்: சரியாகாது. இளமையில் பட்ட துன்பத்தைச் சொன்னால் வாசகர் அவர்மீது இரக்கப்படலாம்; ஆனால் குறிப்பிட்ட அந்த நாளில் அவர் ஏன் நகைப்பெட்டியைத் திறந்தார் என்பது அப்போதும் விளங்காது.

கம்பரின் கைகேயியைப் பாருங்கள். இராமனுக்கு முடிசூட்டு என்று கூனி சொன்னதும் அவள் மகிழ்ந்து மாலையொன்றைப் பரிசளிக்கிறாள். பரதனின் நிலையைச் சொல்லிக் கூனி தூண்டும்போது, நீ எனக்கும் நல்லவள் இல்லை, என் மகனுக்கும் நல்லவள் இல்லை என்று சீறுகிறாள். அதன் பிறகு கூனி எடுக்கும் வாதங்கள் வேறு வகையானவை. வறுமையில் உன்னிடம் வந்து இரப்பவர்களுக்குக் கோசலையிடம் கேட்டு வாங்கியா கொடுப்பாய்? உன் கணவனுக்கு அஞ்சித்தான் சனகன் உன் தந்தையை விட்டுவைத்திருக்கிறான். இராமனுக்கு மாமனாரான அவன் இனிச் சும்மா இருப்பானா? கொடுத்துப் பழகிய கை இன்னொருத்தியிடம் நீள வேண்டிவரும், பிறந்த வீடு அழியும் என்ற இரண்டு அச்சங்களுக்குப் பிறகே அவள் மனம் திரிகிறது. தேவர்களின் மாயையும் காரணம் என்கிறார் கம்பர்; மாயை மட்டுமே போதுமென்றால் இந்த வாதங்களை அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை. திரிந்தது 'தூய சிந்தை' என்று சொன்ன அதே புலவர், அவள் வரங்களைக் கேட்டு நிற்கும் இடத்தில் 'தீயவை யாவையினும் சிறந்த தீயாள்' என்றும் சொல்கிறார். நியாயத்தைக் காட்டினால் வெறுப்புக் குறைந்துவிடுமே என்ற உங்கள் தயக்கத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் அறியேன்.

கணவர் இறந்தபின் மகனின் சம்பளம் மருமகள் கைக்குப் போனது என்று உங்கள் கதையில் ஒரே ஒரு வரி வருகிறது. கதை அங்கேதான் இருக்கிறது. மகளுக்குச் சீர் செய்ய வேண்டிய நேரத்தில், இருபது ஆண்டுகள் வரவு செலவு பார்த்த ஒருவர் மருமகளிடம் பணம் கேட்கக் கூசுவார். மீட்டு வைத்துவிடலாம் என்று நம்பித்தான் நகையை எடுப்பார். விசாரணை வந்ததும் வேலைக்காரப் பெண்ணின் பெயர் வாயில் வருவதற்குத் தனியாகக் கெட்ட குணம் தேவையில்லை. அந்த வீட்டில் எதிர்த்துப் பேச முடியாதவள் அவள் ஒருத்திதான்.

'வஞ்சகமாகச் சிரித்தார்' போன்ற வரிகளை நீக்கிவிடுங்கள். அந்தப் பெண்ணை விசாரிக்கும் காட்சியில், நீங்கள் அனுப்பிய கதையில் கோயிலுக்குப் போய்விடும் மாமியாரை வீட்டிலேயே, அவளுக்கு எதிரில் நிறுத்தி எழுதி அனுப்புங்கள். மீண்டும் படிக்கக் காத்திருக்கிறேன்.