ஹாட் ராடுக்குச் சேஸிஸ் கட்டுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1930ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கூபே ஒன்றின் உடற்கூடு நல்ல நிலையில் என்னிடம் இருக்கிறது. அதனோடு வந்த சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) இருக்கிறது; ஆனால் துருப்பிடித்திருக்கிறது. வி-8 எஞ்சின் வைத்து ஹாட் ராடாக, அதாவது திறன்மிக்க எஞ்சின் ஏற்றித் திருத்திய பழைய காராக, கட்ட விரும்புகிறேன். பழைய சேஸிஸையே செப்பனிடுவதா, 1932ஆம் ஆண்டு ஃபோர்டு மாதிரியில் புதிதாக அழுத்தி எடுத்து விற்கும் சட்டங்களை வாங்குவதா, செவ்வகக் குழாயில் நானே கட்டிக்கொள்வதா?

பதில்: மூன்று வழிகளிலும் அருமையான வண்டிகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் வழியைத் தேர்வதற்கு முன்னால், வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவுசெய்தாக வேண்டும். சேஸிஸை முதலில் கட்டி முடித்துவிட்டு, பிறகு சக்கரங்களை மாட்டிப் பார்த்து, முன்பக்கம் இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று வருந்துகிறவர்களின் கடிதங்கள் எனக்குத் தொடர்ந்து வருகின்றன. எனவே இரும்பு வாங்குவதற்கு முன் டயர்களை வாங்கிவிடுங்கள். சமதளமான தரையில் உடற்கூட்டை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி, நான்கு டயர்களையும் அவை வரவேண்டிய இடங்களில் நிறுத்தி, எஞ்சினின் வெற்றுக் கட்டையையும் கியர்பாக்ஸ் கூட்டையும் உள்ளே அமர்த்தி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, கண்ணுக்கு நிறைவாகும்வரை பார்த்த பிறகு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போது குறித்த புள்ளிகளை இணைப்பதுதான் சேஸிஸின் வேலை.

இனி உங்கள் மூன்று வழிகளுக்கு வருகிறேன். மாடல் ஏ சேஸிஸ் 40 குதிரைத்திறன் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. சி சேனல் வடிவில், அதாவது ஆங்கில C எழுத்தைப்போல ஒரு பக்கம் திறந்திருக்கும்படி, அழுத்தி எடுத்த இரண்டு பக்கச்சட்டங்களும், அவற்றை ரிவெட் அடித்து இணைக்கும் குறுக்குச்சட்டங்களும் கொண்ட எளிய அமைப்பு அது. மேடுபள்ளமான பாதைகளில் சேஸிஸ் சற்று முறுகிக் கொடுப்பதை அந்தக் காலத்தில் யாரும் குறையாக எண்ணவில்லை. ஆனால் அதைப்போல நான்கைந்து மடங்கு திறனுள்ள எஞ்சினை அதே சட்டங்களின் மேல் ஏற்றும்போது, அந்த நெகிழ்ச்சி கதவுகள் சரியாக மூடாமல் போவதிலும், ரிவெட் துளைகளைச் சுற்றி வெடிப்பு விடுவதிலும் வெளிப்படும். ஆகவே பழைய சேஸிஸ் வேண்டுமென்றால், அதை வலுப்படுத்தாமல் பயன்படுத்தக் கூடாது.

1932ஆம் ஆண்டுச் சேஸிஸின் சிறப்பு வேறு. அதன் பக்கச்சட்டங்களின் வெளிமுகம் உடற்கூட்டுக்குக் கீழே வெளியில் தெரியும். அந்த முகத்தில் நீளவாக்கில் ஓடும் வளைகோடு வண்டியின் அழகில் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கிறது. மட்கார்டுகளைக் கழற்றிய பிறகும் வண்டி மூளியாகத் தெரியாததற்கு அதுவே காரணம். மாடல் ஏ உடற்கூட்டை அதன்மேல் அமர்த்துவது ஹாட் ராட் உலகில் நெடுநாள் வழக்கம். ஆனால் இரண்டும் தானாகப் பொருந்திவிடா. மாடல் ஏயின் சக்கர இடைவெளி 103.5 அங்குலம்; 1932இன் இடைவெளி 106 அங்குலம். முன்பகுதியில் பக்கச்சட்டங்களை உள்நோக்கி நெருக்க வேண்டியிருக்கும். உடற்கூட்டின் அடிப்பகுதியையும் சட்டங்களின் வளைவுக்கேற்பத் திருத்த வேண்டியிருக்கும்.

உடற்கூட்டின் தரைத்தகட்டை வெட்டி உயர்த்தி, கூட்டையே சேஸிஸின் மேல் சரித்து இறக்கும் எண்ணம் இருந்தால், செவ்வகக் குழாய் போதும், சட்டங்கள் வெளியில் தெரியப் போவதில்லை. அப்படி இறக்காத வண்டியில், உடற்கூட்டுக்குக் கீழே நேர்கோடாக ஓடும் குழாய் எனக்கு ஒருபோதும் பொருத்தமாகத் தோன்றியதில்லை.

உங்கள் நிலையில் நான் பழைய சேஸிஸிலிருந்துதான் தொடங்குவேன். துருவைச் சுரண்டிவிட்டு, சிறு சுத்தியலால் சட்டம் முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ரிவெட் இணைப்புகளை மிகக் கவனமாகப் பாருங்கள், ஈரம் தங்கி அரிப்பது அங்கேதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மாடல் ஏயின் வரிசை எண் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், உடற்கூட்டின் அடியில் மறையும் இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியின் ஆவணங்கள் அந்த எண்ணைச் சார்ந்தவை என்பதால், பதிவு அலுவலகத்தில் விசாரிக்காமல் அந்தப் பகுதியை வெட்டவோ, சேஸிஸைக் கழித்துவிடவோ கூடாது.

கேள்வி: சி சேனலின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கனமான சேனலையே பயன்படுத்தினால் போதாதா?

பதில்: போதாது. இதை நம்புவதற்கு ஓர் அட்டைக்குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. பிறகு கத்தியால் அதை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாகக் கீறிவிட்டு முறுக்குங்கள். அட்டையின் அளவு சிறிதும் குறையவில்லை. ஆனாலும் குழாய் கையில் துவண்டுபோகும்.

இரும்பிலும் இதுவே நடக்கிறது. 4 அங்குல உயரமும் 2 அங்குல அகலமும் 1/8 அங்குலக் கனமும் கொண்ட சி சேனலைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் கனத்தை இரட்டிப்பாக்குவதால் முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு எட்டு மடங்காகும். அதே 1/8 அங்குலத் தகட்டால் திறந்த பக்கத்தை மூடினாலோ, விறைப்பு நானூறு மடங்குக்கும் மேல் உயர்கிறது. இது தனியாக நிற்கும் ஒரு சட்டத்துக்கான கணக்கு. குறுக்குச்சட்டங்களோடு சேர்ந்த முழுச் சேஸிஸில் வேறுபாடு இவ்வளவு பெரிதாக இராது. ஆயினும் எந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டிவிடுகிறது.

குழாய் வாங்குகிறவர்களும் கனத்தைக் கண்டு மயங்குகிறார்கள். 2க்கு 3 அங்குலக் குழாயை 3/16 அங்குலக் கனத்தில் வாங்குவதைவிட, 2க்கு 4 அங்குலக் குழாயை 1/8 அங்குலக் கனத்தில் வாங்கி உயரவாக்கில் நிறுத்துவது மேல். பின்னது முன்னதைவிட எடையில் ஆறில் ஒரு பங்கு குறைவு. மேலிருந்து வரும் பாரத்துக்கு வளையாமல் நிற்கும் விறைப்பிலோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உயரம் தரும் வலிமையைக் கனம் தருவதில்லை. தாழ்ந்த வண்டியில் அந்த ஓர் அங்குல உயரத்துக்கு இடமில்லை என்றால் மட்டும் கனமான குழாயை நாடலாம்.

பக்கச்சட்டங்கள் எவ்வளவு வலிமையாக இருந்தாலும், நடுவில் இணைப்பு சரியில்லை என்றால் சேஸிஸ் ஏணியைப்போலக் கோணிக்கொள்ளும். கியர்பாக்ஸைச் சுற்றிப் பெருக்கல் குறி வடிவில் ஒரு நடுச்சட்டம் அமைத்து, அதன் நான்கு கால்களையும் பக்கச்சட்டங்களோடு எவ்வளவு நீளமாகத் தொட வைக்க முடியுமோ அவ்வளவு நீளமாகத் தொட வைத்துப் பற்றவையுங்கள். கியர்பாக்ஸைக் கீழிருந்து கழற்றுவதற்கு வழி விட்டிருக்கிறோமா என்பதை அட்டையில் மாதிரி வெட்டி முன்பே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: வெல்டிங் செய்யும்போது சேஸிஸ் கோணிக்கொள்ளாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: என் முதல் சேஸிஸில் நான் செய்த தவறையே சொல்கிறேன். மூடுதகட்டை வைத்து, முன்முனையில் தொடங்கிப் பின்முனைவரை ஒரே மூச்சில் பற்றவைத்தேன். மீன் செதிலை அடுக்கியதுபோல வெல்டிங் கோடு ஒழுங்காக விழுந்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. மறுநாள் காலையில் சட்டத்தின் உள்முகத்தில் இரு முனைகளுக்கும் நூல் பிடித்துப் பார்த்தபோது, நடுவில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தது. சூடான இரும்பு ஆறும்போது சுருங்கும். வெல்டிங் முழுவதும் உட்பக்கத்தில் இருந்ததால், அந்தப் பக்கம் மட்டும் சுருங்கி, சட்டத்தை வில்லாக வளைத்துவிட்டது. அதை நிமிர்த்த எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. ரசமட்டம் வைத்துச் சமன்செய்த உறுதியான இரும்பு மேசையின் மேல் இரு பக்கச்சட்டங்களையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, இடையே தற்காலிகக் குறுக்குக் குழாய்களைப் பற்றவைத்துவிடுவேன். மூடுதகட்டை ஆறு அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக முதலில் பிடிக்க வைத்து, பிறகு ஓர் அங்குல நீளத் துண்டுகளாக மட்டுமே பற்றவைப்பேன். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, மேல்விளிம்பில் ஒன்று, கீழ்விளிம்பில் ஒன்று, அடுத்தது எதிர்ச்சட்டத்தில் என்று இடத்தை மாற்றிக்கொண்டே போவேன். கை பொறுக்காத சூடு இருக்கும் இடத்தின் அருகே மீண்டும் போக மாட்டேன். தண்ணீர் ஊற்றி ஆற்றுவது கூடாது. பொறுமைதான் இந்த வேலையில் பாதி.

ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் மூலைவிட்ட அளவுகளை எடுங்கள். இடமுன் புள்ளியிலிருந்து வலப்பின் புள்ளிக்கும், வலமுன்னிலிருந்து இடப்பின்னுக்கும் உள்ள தூரங்கள் 1/16 அங்குலத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். எஞ்சினும் குழாய்களும் குறுக்கே வந்த பிறகு நேராக அளக்க முடியாதபோது, தூக்குக்குண்டை ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தொங்கவிட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, தரையிலேயே அளக்கலாம்.

தகட்டை மூடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. சட்டத்தை ஊடுருவிப் போகும் போல்ட் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குழாய்த்துண்டை நிறுத்தி, இரு முகங்களோடும் பற்றவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் போல்ட்டை முறுக்கும்போதெல்லாம் பெட்டியின் சுவர்கள் உள்ளே ஒடுங்கும். போல்ட்டும் தளர்ந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: வண்டியை இன்னும் தாழ்த்துவதற்காகச் சேஸிஸின் பின்பகுதியை வெட்டி, படிபோல உயர்த்தி ஒட்டலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். பின்பகுதியை எத்தனை அங்குலம் உயர்த்துகிறீர்களோ, அத்தனை அங்குலம் வண்டியின் பின்புறம் தாழும். ஆனால் ஆக்ஸில் மேலெழும்போது சேஸிஸில் இடிக்காமலிருக்க, வண்டியின் முழு எடையும் இறங்கிய நிலையில் குறைந்தது மூன்று அங்குல இடைவெளியும், அதன் முடிவில் ஒரு ரப்பர்த் தடுப்பும் வேண்டும். வெட்டி ஒட்டும் மூலைகளின் இருபக்கமும் தகடு வைத்து வலுப்படுத்துங்கள். அந்தத் தகட்டின் முனைகள் செங்குத்தாக முடியாமல், சாய்சதுரம்போலக் கூம்பி முடிய வேண்டும். செங்குத்தாக முடிந்தால், பாரம் முழுவதும் அந்த ஒரே கோட்டில் திரண்டு, அங்கேயே வெடிப்பு தொடங்கும். தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. நான்கு டயர்களும் காற்றிறங்கி வண்டி ரிம்மின் மேல் நின்றாலும், சேஸிஸின் எந்தப் பகுதியும் ஸ்டீயரிங் பாகமும் தரையைத் தொடக் கூடாது. இதில் நான் யாருக்கும் விலக்கு அளிப்பதில்லை.

கேள்வி: முன்பக்கத்துக்குக் குழாய் ஆக்ஸில் வாங்கியிருக்கிறேன். பழைய ஃபோர்டு கவட்டைக் கம்பியை (முன் ஆக்ஸிலைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும் V வடிவக் கம்பி) நடுவில் பிளந்து, இரு பக்கச்சட்டங்களிலும் பொருத்தலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். ஃபோர்டு அமைத்தபடி அந்தக் கவட்டை, வண்டியின் நடுவில் ஒரே ஒரு பந்துமூட்டில் முடிந்தது; அதனால் ஒரு சக்கரம் ஏறும்போது ஆக்ஸிலும் கவட்டையும் ஒன்றாகச் சாய்ந்து கொடுத்தன. அதைப் பிளந்து இரு ஓரங்களில் மாட்டிய பிறகு, ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால், அந்தப் பக்கத்து ஆக்ஸில் முனை ஒரு கோணத்திலும் மறுமுனை வேறு கோணத்திலும் திரும்ப வேண்டியிருக்கிறது. அதாவது ஆக்ஸில் தன் நீளத்தில் முறுக வேண்டும். ஆங்கில I எழுத்தைப்போன்ற ஐ வடிவ ஆக்ஸில் திறந்த வெட்டுமுகம் கொண்டது என்பதால் முறுகிக் கொடுக்கும். குழாய் முறுகாது. பக்கச்சட்டத்துக்கு எந்தக் குணம் வேண்டுமென்று மேலே எழுதினேனோ, அந்தக் குணமே இங்கே பகையாகிவிடுகிறது: ஆக்ஸில் முறுகாததால், கவட்டையைப் பிடிக்கும் தாங்கியோ அதன் வெல்டிங்கோ வெடிக்கும். குழாய் ஆக்ஸிலை வைத்துக்கொள்வதானால், பக்கத்துக்கு இரண்டாக நான்கு இணைகம்பிகள் கொண்ட அமைப்பைப் பொருத்துங்கள். பிளந்த கவட்டைதான் வேண்டுமென்றால் ஐ வடிவ ஆக்ஸிலைத் தேடுங்கள்.

தாங்கிகளைப் பற்றவைக்கும்போது, சேஸிஸ் மேசைமேல் மட்டமாகக் கிடக்கக் கூடாது. ஓடும் வண்டியில் இருக்கப்போகும் முன்சாய்விலேயே அதை நிறுத்துங்கள். கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு) பின்னோக்கிச் சாயும் கோணம் 5 முதல் 7 பாகைவரை இருக்க வேண்டும். மட்டமாக வைத்து 5 பாகை அமைத்துவிட்டு, பிறகு மூக்கை 2 பாகை தாழ்த்தினால், சாலையில் உங்களுக்குக் கிடைப்பது 3 பாகைதான். வண்டி நேராக ஓடாமல் அலையும்.

கேள்வி: பெயின்ட் அடிப்பதற்கு முன் வெல்டிங் கோடுகளைக் கிரைண்டரால் தேய்த்து மழமழப்பாக்கலாமா?

பதில்: பாரம் தாங்கும் இணைப்புகளில் கூடாது. ஆக்ஸில் தாங்கிகள், எஞ்சின் தாங்கிகள், ஸ்டீயரிங் பெட்டியின் அடித்தகடு, நடுச்சட்டத்தின் கால்கள் ஆகியவற்றில் வெல்டிங் கோடு விழுந்தபடியே இருக்கட்டும். மூடுதகட்டின் நீண்ட விளிம்புகளை மட்டும், தகட்டின் ஓரங்களை முன்பே சரிவாகச் சீவி, உலோகம் ஆழமாக இறங்கும்படி பற்றவைத்திருந்தால், மெல்லத் தேய்த்துக்கொள்ளலாம்.