டைனி டினாஸ் வொண்டர்லேண்ட்ஸ் வாங்கலாமா?
ஈசூனிலும் ஜூரோங்கிலும் இருக்கும் நண்பர்கள் மூவர் வார இறுதியில் இணையம்வழி சேர்ந்து ஆட இந்த வீடியோ விளையாட்டு ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள், தயங்காமல் வாங்கலாம். பார்டர்லேண்ட்ஸ் என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வரிசையின் கிளையாகக் கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கி 2022 மார்ச்சில் வெளிவந்த இந்த ஆட்டத்தின் பெரிய பலம், ஆறு கதாபாத்திர வகைகளுள் ஒன்றைத் தொடக்கத்திலும் இன்னொன்றைக் கதையின் போக்கிலும் தேர்ந்து, இரண்டின் திறன்களையும் கலந்துகொள்ள முடிவதுதான். கையெறி குண்டுகளுக்குப் பதிலாக வரும் மந்திரங்கள் சற்று நேரத்தில் தாமே மீண்டும் தயாராகிவிடுவதால், துப்பாக்கிச் சண்டையின் போக்கே மாறிவிடுகிறது. கதையை நடத்திச் செல்லும் டினா என்னும் பாத்திரத்தின் ஓயாத பேச்சு எனக்குப் பிடிக்கும்; எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். எதிரிகளை வீழ்த்திப் பெறும் கொள்ளைப் பொருள்களோ அளவுமீறிக் குவிகின்றன. கதை முடிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் கேயாஸ் சேம்பர் என்னும், அறை அறையாக எதிரிகளோடு மோதும் பகுதி மட்டுமே. அது விரைவில் சலித்துவிடும். பிற்பாடு வந்த கூடுதல் பகுதிகள் மிகக் குறுகியவை என்பதால், அவற்றை முழு விலைக்கு வாங்காதீர்கள்.