கையை விட்டதும் அணைகிற பைலற்

கொக்குவிலில் வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். மூடிய ஹோட்டல் ஒன்றிலிருந்து பழைய காஸ் போறணை வாங்கினாராம். குமிழை அமத்திப் பிடித்தால் பைலற், அதாவது போறணையைப் பற்றவைக்கிற சிறு சுவாலை, எரிகிறது, விட்டதும் அணைகிறது. பார்க்க வந்தவரின் பேச்சைக் கேட்டு சிலிண்டரையும் ரெகுலேற்றரையும் மாற்றியும் அதே கதைதான். இப்போது அவர், "உள்ளே இருக்கிற வால்வைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தாறன்" என்கிறாராம். செய்யலாமா?

வேண்டாம். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அமத்தும்போது பைலற் எரிகிறதென்றால் காஸ் வருகிறது என்றுதான் அர்த்தம். பிறகு எதற்குப் புது ரெகுலேற்றர்? 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் வெடிப்புச் செய்திகள் வந்த நாளிலிருந்து, அடுப்பில் எது பிழைத்தாலும் சிலிண்டரையும் ரெகுலேற்றரையும் மாற்றச் சொல்வது சிலருக்கு நல்ல வியாபாரமாகிவிட்டது.

பைலற் சுவாலைக்குள் விரல்நுனி போல ஒரு உலோக முனை நிற்கும். அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் வால்வுக்குப் போகும். இதுதான் தெர்மோகப்பிள். முனை சூடானால் சுமார் 20, 30 மில்லிவோல்ட் பிறக்கும். ரோச் பற்றரி ஒன்று 1500 தரும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துளி மின்சாரம்தான் வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்துக்கு வலுக் கொடுத்து, காஸ் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நீங்கள் அமத்தும்போது உங்கள் விரல் செய்கிற வேலையை, விட்டபின் அது செய்யவேண்டும். உங்கள் போறணையில் அது செய்யவில்லை.

சுவாலை அணைந்தால் காஸை நிறுத்துகிற காவலாளி அந்த வால்வு. அதைத்தான் அந்த ஆள் கழற்றப் பார்க்கிறார். கழற்றினால், காற்றில் பைலற் அணைந்தாலும் காஸ் வந்துகொண்டே இருக்கும். எங்கள் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் போறணையின் அடியிலும் தரையிலும் தேங்கும். அடுத்த தீக்குச்சி யார் கையில் இருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. முதலில் குமிழை அரை நிமிடம், ஒரு நிமிடம் விடாமல் பிடித்துப் பாருங்கள். பாதிப் பேர் பத்து விநாடியில் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் நிற்காவிட்டால் சிலிண்டரை மூடி, போறணை ஆறியபின் முனையில் படிந்த கரியை மெல்லிய சாண்ட் பேப்பரால் துடையுங்கள். முனையின் மேற்பகுதி ஒரு சென்ரிமீற்றராவது நீலச் சுவாலைக்குள் இருக்கவேண்டும். சுவாலை சிறிதாக, மஞ்சளாக இருந்தால் பைலற் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெருத்துவிடும். தூரிகையால் தட்டி ஊதினால் போதும். வால்வோடு சேரும் நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள்.

பாகத்தில் ஒரு பிழையும் இல்லாமலும் பைலற் அணைவதுண்டு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பின்கதவும் யன்னலும் நேருக்கு நேர் திறந்திருந்தால், காற்று சுவாலையை முனையிலிருந்து தள்ளிவிடும். முனை ஆறும், வால்வு மூடும். காலையில் நிற்கும், பின்னேரம் அணையும். இப்படி நேரத்துக்கு நேரம் மாறினால் கதவைச் சாத்திப் பாருங்கள். போறணை வாயில் மறைப்பு வைக்கலாம், ஆனால் புகை போகும் துவாரத்தை மூடக்கூடாது. காற்றுக்குப் பயந்து எல்லா யன்னலையும் அடைத்துக்கொண்டு கேக் சுடவும் கூடாது. விட்ட அடுத்த கணமே அணைகிறதென்றால் அது காற்றல்ல.

துடைத்தும் நிற்காவிட்டால் தெர்மோகப்பிளை மாற்றவேண்டும். முழு வால்வைவிட மிக மலிவான பாகம், அதனால்தானோ என்னவோ யாரும் அதைச் சொல்வதில்லை. பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். நீளமும் மரையும் ஒன்றுக்கொன்று வேறு. புதியதுக்கும் நிற்காவிட்டால் மட்டும் வால்வைச் சந்தேகியுங்கள்.

சிலிண்டர் விற்பவருக்கு சிலிண்டரோடு கடமை முடிகிறது, போறணை விற்றவர் கதவைச் சாத்திவிட்டார், இடையில் ஸ்பானர் வைத்திருப்பவர் எல்லோரும் காஸ் திருத்துகிற பாஸ். யாரைக் கேட்பது? ஆகவே வேலை முடிந்ததும் கழற்றிய இடங்களில் சவர்க்கார நுரை தடவி, காற்றுக் குமிழி வருகிறதா என்று நீங்களே பாருங்கள். லைற்றரைக் கொண்டுபோய் அல்ல.